ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதப் போகிறாய்? சீனாவில் முதுகலைக்கு நான்கு வழிகள்

சென்ற ஆகஸ்டு மாதம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போன் செய்தாள். தில்லி ஜேஎன்யூவில் சீன மொழி பி.ஏ. முடித்தவள். சீன மொழித் திறன் தேர்வான எச்.எஸ்.கே.-யில் ஐந்தாம் நிலையும் தேறியிருந்தாள். "மாஸ்டர்ஸ் சீனாவுலதான்னு முடிவு பண்ணிட்டேன் அக்கா. எங்கேங்கறதுதான் புரியல. எதுல ஸ்காலர்ஷிப் ஜாஸ்தியோ அதுக்கே போட்டுடவா?"

அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதற்குப் பிறகு அவளைப் போலவே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவளுக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். படிக்கச் சீனா போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஏற்கனவே மூன்று நான்கு ஆண்டு சீனம் கற்று, அந்நாட்டின் பொருளாதாரம், அரசியல், சட்டம், வரலாறு இவற்றில் ஒன்றை அங்கேயே போய் முதுகலையாகப் படிக்க நினைப்பவர்களுக்கான கட்டுரை இது.

உதவித்தொகையைப் பற்றி அவள் கேட்டதும் நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். "ஆய்வேட்டை எந்த மொழியில எழுதப் போற?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அதை அவள் யோசித்திருக்கவில்லை. நானும் அந்த வயதில் யோசிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், எந்த நகரம், எந்தப் பல்கலைக்கழகம், யாரோடு தங்குவது, பிறகு என்ன வேலை என்ற மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

அவள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. நான்ஜிங்கில் உள்ள ஹாப்கின்ஸ்–நான்ஜிங் மையத்தின் இருமொழி முதுகலை. பெய்ஜிங்கில் முழு உதவித்தொகையோடு ஆங்கிலத்தில் நடக்கும் இரண்டு பெரிய திட்டங்கள். சீன அரசின் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் சீன வழியிலேயே படிப்பது. கடைசியாக, பட்டத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு தைபேயில் மொழியை மட்டும் தீட்டிக்கொள்வது.

நான்ஜிங்: இரு பக்கமும் தடுமாறும் வகுப்பறை

ஹாப்கின்ஸ்–நான்ஜிங் மையம் 1986-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நான்ஜிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஓர் இயக்குநர். முதலில் ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு மட்டுமே இருந்தது. பன்னாட்டு ஆய்வுகளில் ஈராண்டு முதுகலை 2006-இல் வந்தது. பட்டத்தை இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே தருகின்றன. இடம், நான்ஜிங் நகர நடுவில் பல்கலைக்கழகத்தின் குலோவ் வளாகத்தை ஒட்டிய ஷாங்காய் சாலை.

இதன் அமைப்பு எளிமையானது, கடுமையானதும்கூட. வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலான பாடங்களைச் சீனப் பேராசிரியர்களிடம் சீனத்தில் படிக்கவேண்டும். சீன மாணவர்கள் பெரும்பாலான பாடங்களை வெளிநாட்டுப் பேராசிரியர்களிடம் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும். முதுகலை ஆய்வேட்டை நீங்கள் சீனத்தில் எழுதி, சீனத்திலேயே பேராசிரியர் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். சீன மாணவர் அதையே ஆங்கிலத்தில் செய்வார். தங்கும் அறையில் ஒரு கட்டில் உங்களுக்கு, இன்னொன்று சீன மாணவருக்கு.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரியில் முதல் நாள் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடத்தின் அருமை உடனே விளங்கும். பாடம் தெரியும், விடை தெரியும், கையைத் தூக்குவதற்குள் வாக்கியம் உடைந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் அதே விடையைச் சரளமாகச் சொல்லிப் பெயர் வாங்கிவிடுவார். மூன்றாவது மாதம் நமக்கே சந்தேகம் வந்துவிடும், உண்மையிலேயே நமக்கு விடை தெரியுமா என்று. நான்ஜிங்கில் அந்த நிலை உங்களுக்கும் உண்டு. ஆனால் மாலையில் அறைக்கு வந்தால் அடுத்த கட்டிலில் இருப்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். காலையில் அவர் ஆங்கில வகுப்பில் வாயடைத்துப்போய் இருந்திருப்பார். உங்கள் சீனக் கட்டுரையை அவர் திருத்துகிறார், அவருடைய ஆங்கிலக் கட்டுரையை நீங்கள் திருத்துகிறீர்கள். உதவி செய்கிறவர், உதவி வாங்குகிறவர் என்று நிரந்தரமாக இரண்டு பேர் அங்கே கிடையாது. மொழி கற்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த வழியில் கற்ற சீனம் வேறு மாதிரி இருக்கும். மொழிப் பள்ளியில் கற்கும் சீனம் "எனக்கு இந்த ஊர் பிடிக்கும், ஏனென்றால்..." என்று தொடங்குவது. நிலச் சீர்திருத்தம் பற்றிய பாடத்தில் ஒரு வாரத்துக்கு அறுபது எழுபது பக்கம் படித்து, வகுப்பில் எதிர்க்கருத்துச் சொல்லப் பழகிய சீனம் வேறு. அது ஒரு கருவி. கையில் காய்ப்புக் காய்த்த பிறகுதான் அந்தக் கருவி வசப்படும்.

இன்னொரு சிறப்பு அந்த மையத்தின் நூலகம். ஆங்கிலமும் சீனமுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், தணிக்கை இல்லாமல், அலமாரியிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. சீனாவில் இது சாதாரண விஷயம் இல்லை. வகுப்புக்குள் தைவான், 1989 தியானன்மென் போராட்டம், திபெத் எல்லாம் பேச்சில் வரும். ஆனால் அந்தச் சுதந்திரம் மையத்தின் சுவருக்குள் இருக்கும் சுதந்திரம். வாசலைத் தாண்டினால் நாட்டின் சட்டம், நாட்டின் வழக்கம். போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போகவேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவர் படிப்பு முடிந்தபின் அந்த நாட்டிலேயே வாழப்போகிறவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அவரிடம் நீங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு உங்களுக்கு ஒரு விலையும் இல்லாமல் இருக்கலாம், அவருக்கு இருக்கலாம்.

நகரமும் நல்ல நகரம்தான். பழைய தலைநகர், சாலையெல்லாம் பிளேன் மரங்களின் நிழல், உப்பு வாத்துக்கும் வாத்து ரத்த சேமியா சூப்புக்கும் பேர்போனது. கோடையில் நம் ஊர் வெயிலுக்குச் சளைக்காது. குளிர்காலம்தான் சோதனை. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் ஊர்களுக்கு அரசு நடத்தும் மையச் சூடேற்றம் கிடையாது. பெய்ஜிங்கில் வெளியே எத்தனை குளிராக இருந்தாலும் அறைக்குள் அரைக்கைச் சட்டையோடு இருக்கலாம். யாங்சி ஆற்றங்கரை நான்ஜிங்கில் அந்த வசதி இல்லை, ஈரக் குளிர் எலும்பில் இறங்கும். ஷாங்காய்க்கு அதிவேக ரயிலில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். வேலை தேடும் காலத்தில் இது பெரிய வசதி.

தடை பணம்தான். கட்டணம் டாலரில். சீனப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடம் முதுகலைக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 20,000 முதல் 40,000 யுவான் வரை வாங்குகின்றன. மையத்தின் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. தகுதியையும் தேவையையும் பார்த்து உதவி தருகிறார்கள். ஆனாலும் அது முழுதாகக் கிடைக்கும் என்று நம்பி வீட்டை அடகு வைக்க யாருக்கும் நான் சொல்லமாட்டேன். ஓராண்டை நான்ஜிங்கில் சான்றிதழாக முடித்துவிட்டு, மீதியை வாஷிங்டனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பன்னாட்டு ஆய்வுகள் பள்ளியில் முதுகலையாகத் தொடரவும் வழி உண்டு. அமெரிக்காவில் வேலைக்கு அது கைகொடுக்கும், செலவும் அதற்கேற்றபடி ஏறும். சீனத்துக்காகப் போகிறவர் இரண்டாம் ஆண்டை விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து. முதல் ஆண்டு முழுக்கத் தடுமாற்றம். பலன் வருவது ஆய்வேடு எழுதும் இரண்டாம் ஆண்டில்தான்.

பெய்ஜிங்: எல்லாம் கிடைக்கும், ஆங்கிலத்தில்

ஷ்வார்ஸ்மன் திட்டம் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அமெரிக்க முதலீட்டாளர் ஸ்டீபன் ஷ்வார்ஸ்மன் 10 கோடி டாலர் கொடுத்து 2013-இல் அறிவித்தார், முதல் அணி 2016-இல் சேர்ந்தது. ஓராண்டில் உலக விவகாரங்களில் முதுகலை. ஆண்டுக்குச் சுமார் 150 பேர். சேரும்போது 29 வயது நிறைந்திருக்கக்கூடாது. விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு வரை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் யென்சிங் அகாடமி 2014-இல் அறிவிக்கப்பட்டு 2015-இல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே சீனவியல் முதுகலை. முதல் ஆண்டு வளாகத்தில் தங்கியே ஆகவேண்டும். இதற்கும் முழு உதவித்தொகை உண்டு.

இரண்டும் மிகச் சிறந்தவை. கிடைத்தால் அப்பா அம்மா தெருவெல்லாம் சொல்லி மகிழலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டிலும் பாடமொழி ஆங்கிலம். யென்சிங் அகாடமியை அறிவித்தபோது பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. வளாகத்தின் அழகான பழைய பகுதியான ஜிங்யுவானை இதற்கு ஒதுக்கப் பார்த்தது ஒரு காரணம். சீனாவின் முதன்மையான பல்கலைக்கழகத்தில் சீனவியலை ஏன் ஆங்கிலத்தில் கற்பிக்கவேண்டும் என்று அங்கிருந்த பேராசிரியர்களும் மாணவர்களும் கேட்டது இன்னொரு காரணம். அந்த இரண்டாவது கேள்வி இன்றைக்கும் நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். விருப்பப்பட்டால் மற்றத் துறைகளில் சீன வழிப் பாடங்களை எடுக்கலாம், மொழி வகுப்புக்கும் குறைவில்லை. ஆனால் மனித மனம் கட்டாயம் இல்லாத இடத்தில் சுலபமான வழியைத்தான் தேடும். நாலு நாட்டு நண்பர்கள் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசும் மேசையில், சீனத்தில் தடுமாற யாருக்கு மனம் வரும்?

அப்படியானால் இவை யாருக்கு? சட்டம், கொள்கை, நிறுவன நிர்வாகம் என்று ஏற்கனவே ஒரு துறையில் கால் ஊன்றிவிட்டு, சீனாவை நேரில் அறியவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. அவர்கள் தொழிலில் சீன மொழி ஓர் அணிகலன், அடித்தளம் அல்ல. அத்தகையவர் இந்த இரண்டில் ஒன்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், அங்கே கிடைக்கும் தொடர்புகள் ஆயுளுக்கும் வரும். எங்கள் ஊர்ப் பெண்ணின் நிலை வேறு. அவளிடம் இருக்கும் ஒரே மூலதனம் சீன மொழி. அதை ஆங்கில மேசையில் ஓராண்டு கிடப்பில் போடுவது, விதைநெல்லை ஆக்கிச் சாப்பிடுவது மாதிரி.

இங்கே இன்னொரு சிக்கல், காலம். ஷ்வார்ஸ்மன் விண்ணப்பம் செப்டம்பரில் முடிகிறது, யென்சிங்குக்கு டிசம்பர் வாக்கில். சீன அரசு உதவித்தொகைக்கான வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஆங்கிலத் திட்டங்களின் கதவுகள் முதலில் மூடுவதால், பதற்றத்தில் அவற்றுக்கே எல்லா உழைப்பையும் கொட்டிவிட்டு, மற்றதற்குச் சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீன அரசு உதவித்தொகை: நான் போன வழி

நான் படித்தது இப்படித்தான். யாங்சிக்குத் தெற்கே ஒரு நகரம், சமூகவியல் துறை, மூன்றாண்டு, முழுக்கச் சீன வழி. கல்விக் கட்டணம் இல்லை, விடுதி இலவசம், மருத்துவக் காப்பீடு உண்டு, முதுகலை மாணவருக்கு மாதம் 3,000 யுவான் கையில் தருவார்கள். பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 15 யுவானுக்குள் முடிந்துவிடும் என்பதால் அந்தப் பணத்தில் வாழலாம், மிச்சமும் பிடிக்கலாம். முதுகலைக்கு 35 வயதுக்குள் இருக்கவேண்டும். சீன வழியில் படிக்கப் பெரும்பாலான துறைகள் எச்.எஸ்.கே. ஐந்தாம் நிலை கேட்கும், சில ஆறாம் நிலை கேட்கும். பழைய கணக்கில் ஐந்தாம் நிலைக்கு 2,500 சொற்கள், ஆறாம் நிலைக்கு 5,000. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் சான்றிதழில் தெரியாது, முதல் வார வகுப்பில் தெரியும்.

ஆழம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. நெறியாளரை தாவ்ஷி என்பார்கள். அவரிடம் படிக்கும் எல்லாரும் ஒரு குடும்பம். மூத்த மாணவர் ஷிச்யுங், மூத்த மாணவி ஷிஜியே. அண்ணன், அக்கா என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை நெறியாளர் முன்னால் எல்லாரும் உட்கார்ந்து அந்த வாரம் படித்ததைச் சொல்லவேண்டும். என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசமுடியாத முதல் கூட்டத்துக்குப் பிறகு, ஒரு ஷிஜியே தன் குறிப்பேட்டை முழுதாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அந்தத் துறையில் காலூன்றியதே அந்தக் குறிப்பேட்டால்தான். சீன ஆய்விதழ்களின் பெருந்தொகுப்பான சிஎன்கேஐ, 2023 ஏப்ரலிலிருந்து தன் தரவுகளில் சிலவற்றை வெளிநாட்டு நூலகங்களுக்கு நிறுத்திவைத்தது. வளாகத்துக்குள் இருந்தபடி அதைத் திறந்து படிப்பதன் மதிப்பு அதற்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது.

என் முதல் ஆண்டு வீணானது விடுதியில். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடம் என்பதே சீனாவில் பொது வழக்கம். சீன மாணவர்கள் ஓர் அறையில் நான்கு பேர், சில இடங்களில் ஆறு பேர். நமக்கு ஒருவரோ இருவரோ தங்கும் நல்ல அறை. அந்த வசதியே வேலியாகிவிட்டது. வகுப்பு வாரம் இரண்டு நாள், மற்ற நாளெல்லாம் கசகஸ்தான், பாகிஸ்தான், நைஜீரியா நண்பர்களோடு ஆங்கிலம். அவர்கள் நல்ல நண்பர்கள், இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். ஆனால் சீனாவில் முழுதாக ஓராண்டு இருந்துவிட்டு, ஒரு சீனக் குடும்பத்தின் சண்டை சமாதானம் எதையும் காதால் கேட்காமல் இருந்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் விளக்கு அணைக்கும் நேரம் வரை அந்த ஷிஜியேயின் அறையிலேயே கிடந்தேன். என் சீனம் அங்கே வளர்ந்தது.

அதனால் இந்த வழியில் போகிறவர்களுக்கு என் யோசனை: சேர்க்கைக் கடிதம் வந்ததும் முதல் கடிதமாக, சீன மாணவரோடு அறையைப் பகிர முடியுமா, வெளியே வீடு எடுத்துத் தங்க அனுமதி உண்டா என்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வெளியே தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்யவேண்டும், அது பெரிய சிரமம் இல்லை. வீட்டில் உடன் இருப்பவர்கள் சீனர்களாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம்.

தைபேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் உள்ள ஐசிஎல்பி என்ற சீன மொழிப் பயிற்சித் திட்டம், ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர், தனியாக ஓர் ஆசிரியர் என்று பிழிந்தெடுக்கும் இடம். பட்டம் கிடையாது. எழுத்து மரபு வடிவ எழுத்து. எளிமையாக்கிய எழுத்தில் பழகியவர்களுக்கு முதல் மாதம் கண் எரியும், பிறகு பழைய நூல்களெல்லாம் திறந்துகொள்ளும். எச்.எஸ்.கே. நான்கிலேயே தடுமாறுகிறவர் எந்த முதுகலையிலும் அவசரப்பட்டுச் சேராமல் இங்கே ஓராண்டு இருப்பது நல்லது. ஐந்தைத் தாண்டியவர் நேராகப் பாடத்துக்குள் இறங்கலாம்.

வேலை

வேலை என்று வந்தால் முதலில் ஒரு சட்டம். சீனாவில் வேலை அனுமதி பெற, பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவம் பொதுவாகத் தேவை. 2017-இல் வந்த அறிவிப்பின்படி, சீனப் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ அதற்கு மேலோ முடித்த வெளிநாட்டவர், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அனுபவம் இல்லாமலேயே அனுமதி பெறலாம். சராசரி மதிப்பெண் 80 இருக்கவேண்டும், வேலை படித்த துறையைச் சார்ந்ததாக இருக்கவேண்டும், சம்பளம் அந்த ஊர்ச் சராசரிக்குக் குறையக்கூடாது. நான்ஜிங் வழியானாலும் அரசு உதவித்தொகை வழியானாலும் மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள். 79 எடுத்து ஓர் ஆண்டையே இழந்தவர் உண்டு.

அடுத்தது பருவம். சீன நிறுவனங்கள் அடுத்த ஜூனில் பட்டம் பெறப் போகிறவர்களை முந்தைய ஆகஸ்டு, செப்டம்பரிலிருந்தே எடுக்கத் தொடங்கிவிடும். இதற்கு சியூஜாவ் என்று பெயர், இலையுதிர்கால ஆள்சேர்ப்பு. ஓராண்டுத் திட்டத்தில் செப்டம்பரில் போய் இறங்குகிறவருக்குப் பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே அது பாதி முடிந்திருக்கும். ஈராண்டு, மூன்றாண்டு படிப்பவருக்கு இடையில் ஒரு கோடை கிடைக்கிறது, அதில் பயிற்சி வேலை பார்க்கலாம். ஆனால் மாணவர் வசிப்பு அனுமதியில் பயிற்சிக்கான குறிப்பைப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடு போட்டுக்கொண்ட பிறகுதான் வேலைக்குப் போகவேண்டும். குறிப்பு இல்லாமல் போனால் அது சட்டவிரோத வேலை. நண்பன் கூப்பிட்டான் என்று ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டு, படிப்பையே பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

என்ன வேலை? வெறும் மொழிபெயர்ப்பை நம்பி முதுகலை படிக்காதீர்கள். எந்திர மொழிபெயர்ப்பு அந்தச் சந்தையின் அடிமட்டத்தை விழுங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் சீனப் பொறியாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் இடையில் பேசும் வேலை இருக்கிறது. அது மதிப்பான வேலைதான், ஆனால் அதற்கு முதுகலை தேவையில்லை. ஐந்தாம் நிலைச் சீனமும், எந்திரங்களின் பெயரும், இரைச்சலில் பேசும் தொண்டையும் போதும். முதுகலைச் சீனத்துக்கு மதிப்பு இருப்பது வேறு இடத்தில்: ஓர் அரசாணையின் வரைவைப் படித்து அடுத்த ஆண்டு எந்தத் தொழிலுக்கு மானியம் நிற்கும் என்று சொல்வது, ஒப்பந்தத்தின் சீனப் பிரதியில் ஆங்கிலப் பிரதியில் இல்லாத ஒரு சொல் இருப்பதைக் கண்டுபிடிப்பது. வணிக இடர் ஆய்வு, சட்ட நிறுவனங்கள், செய்தித்துறை, ஆய்வு மையங்கள், முனைவர் பட்டம் என்று இருமொழி முதுகலை முடித்தவர்கள் போவது பெரும்பாலும் இங்கேதான். சீன நிறுவனங்கள் உள்நாட்டுப் போட்டி தாங்காமல் வெளிநாட்டுச் சந்தை தேடிப் போவதை சுஹாய் என்பார்கள், கடலுக்குப் போவது என்று பொருள். அந்தக் கப்பல்களுக்கு இரண்டு கரையும் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஆட்கள் குறைந்திருப்பதும் ஒரு வாய்ப்பு. சீனாவில் படித்த அமெரிக்க மாணவர்கள் 2018–19 கல்வியாண்டில் 11,000-க்கும் மேல். 2021–22-இல் வெறும் 211. அடுத்த ஆண்டில் 469. கொரோனாவுக்கு முன் இந்திய மாணவர்கள் 20,000-க்கும் மேல் இருந்தார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள். சீனாவின் ஆவணங்களைச் சீனத்தில் படித்து வாதம் செய்யத் தெரிந்த இந்தியர்கள் அன்றும் மிகச் சிலர், இன்றும் மிகச் சிலர். பக்கத்து நாட்டைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதில் பெரும்பகுதி மூன்றாவது நாட்டு ஆங்கிலத்தின் வழியாகவே வருகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இதற்குப் பிறகும் அவளுக்குக் குழப்பம் தீரவில்லை. "என் சீனம் அதுக்குப் போதுமா அக்கா?" என்றாள். அதற்கு என்னால் போனில் பதில் சொல்லமுடியாது. ஒரு சோதனை சொன்னேன். உனக்குப் பிடித்த துறையில் பன்னிரண்டு பக்கச் சீன ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள். அகராதியோடு படி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவை. பிறகு அகராதி இல்லாமல் 300 எழுத்துக்களில் அதன் வாதத்தைச் சீனத்தில் எழுது. அடுத்த நாள் ஒரு சீன நண்பரிடம் பத்து நிமிடம் அதைச் சொல், அவர் இரண்டு கேள்வி கேட்கட்டும். படிக்க மூன்று மணி நேரத்துக்குள், எழுத ஒரு மணி நேரத்துக்குள், கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் என்றால் நான்ஜிங்கோ சீன வழித் துறையோ தாங்கும்.

பத்து நாள் கழித்து அனுப்பினாள். தலைப்பு, சீனக் கிராமங்களிலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். படிக்க நான்கு மணி நேரம், எழுத ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தாள். வாதத்தைச் சரியாகப் பிடித்திருந்தாள். மொழிதான் பேச்சு மொழி. யின்வெய், சுவோயி, அதாவது ஏனென்றால், அதனால் என்று வரிக்கு வரி. "நான் வந்துட்டேன், சாப்டுட்டேன்" என்ற நடையில் ஆய்வுக் கட்டுரை எழுதினால் நம் தமிழ்ப் பேராசிரியருக்கு எப்படி இருக்கும்? சீனத்திலும் எழுத்து நடைக்கு ஷுமியன்யூ என்று தனிப் பெயர் உண்டு, தனிச் சொற்கள் உண்டு, அதைத் தனியாகத்தான் கற்கவேண்டும்.

பெய்ஜிங்கின் இரண்டையும் அவளே விட்டுவிட்டாள். ஹாப்கின்ஸ்–நான்ஜிங் ஈராண்டு முதுகலைக்கும், அரசு உதவித்தொகையில் அதே நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் சீன வழித் துறை ஒன்றுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிறாள். மையத்தில் போதுமான உதவி கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் அதே பல்கலைக்கழகத்தின் துறைக்குப் போனால் போதும், அறைத்தோழியை மட்டும் அவளே தேடிக்கொள்ளவேண்டும். இதற்கிடையில் வாரம் ஒரு சுருக்கம் எழுதி எனக்கு அனுப்புகிறாள். போன வாரம் வந்தது ஏழாவது. ஒரு மணி பத்து நிமிடத்தில் எழுதியது. அதில் ஒரே ஒரு யின்வெய் இருந்தது, அதையும் அடிக்கோடிட்டு, "இங்க வேற என்ன போடலாம் அக்கா?" என்று கேட்டிருந்தாள்.